மைக்கின் பின்பக்கக் காது

வியோரெல் மேடையில் நின்று "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். காலை பதினொரு மணிக்கே ஜூலை வெயிலில் பிளாஸ்டிக் பந்தல் கொதித்தது. எதிர்க் கோடியில், இரும்புத் தூணோரம், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சருக்கு முன்னால் அவன் அக்கா சவேத்தா உட்கார்ந்திருந்தாள். வலது கையில் பழைய மைக்கின் பெட்டி, மடியில் புதிய மைக்கின் பெட்டி. இரண்டில் எதை இன்றைக்குத் தம்பியின் கையில் கொடுப்பது என்பதில்தான் அவளுக்கும் கிரிகோரேவுக்கும் ஒரு மணி நேரமாகத் தகராறு.

கிரிகோரேதான் பாட்டுக் குழுவின் தலைவன். கீபோர்டு வாசிப்பான். வேன், ஒலிபெருக்கிகள், வயர்கள், பழைய மைக் எல்லாம் அவனுடையவை. புதிய மைக் மட்டும் சவேத்தா தன் கைக்காசில் க்ரயோவா நகரத்தில் செகண்ட் ஹாண்டாக வாங்கியது. வாங்கியதற்குக் காரணம் வியோரெலின் தொண்டை. மே மாதம் டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, குரல் நாணில் அரிசி போல இரண்டு முடிச்சுகள் இருப்பதைத் திரையில் காட்டினார். இப்படியே கத்திக்கொண்டிருந்தால் குளிர்காலத்துக்குள் பாட்டு நின்றுவிடும் என்றார். பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் பாட வந்தவனுக்கு வேறு என்ன தெரியும்? அவன் வாயை மூடினால் அவன் வீடு, அக்கா வீடு, இரண்டு வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

அவன் ஆசைப்பட்டா கத்துகிறான்? பழைய மைக் முன்னால் வருவதையும் கேட்கும், இரண்டு பக்கத்தில் வருவதையும் கேட்கும். இடது பக்கம் டிரம், வலது பக்கம் கிளாரினெட். எல்லாம் அதற்குள் வந்து விழும். சவேத்தா அவன் குரலைக் கூட்டினால் டிரம்மும் சேர்ந்து கூடும். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் ஒலிபெருக்கிகள் ஊளையிடும். அதனால் அவள் ஏற்றமாட்டாள், அவன் கத்துவான். பத்து வருஷமாக இதுதான் நடக்கிறது. புதிய மைக்கோ குதிரைக்குக் கண்பட்டி கட்டிய மாதிரி. வாய்க்கு நேரே வருவதை மட்டும் கேட்கும், பக்கவாட்டில் இடி விழுந்தாலும் லட்சியம் செய்யாது. ஒரே ஒரு கோளாறு. தனக்கு நேர் பின்னால் அதற்குச் சின்னதாக ஒரு காது உண்டு. பழையது பின்பக்கம் முழுச் செவிடு.

கிரிகோரே அந்தக் கோளாறைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கினான். அவன் புருவத்தில் ஒரு தையல் தழும்பு இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு ஒரு கல்யாணத்தில் பழைய மைக்கே ஊளையிட்டு மாப்பிள்ளையின் மாமன் காதைக் குடைந்துவிட்டது. மாமன் கையிலிருந்த பாட்டிலை அப்படியே வீசினான். அதே கல்யாணத்தில் டிரம் வாசிப்பவனின் இரண்டு விரலை உடைத்தார்கள்.

"நம்ம தொழில்ல பின்னால நடக்கறது கேக்காம இருக்கறதுதான் நல்லது, சவேத்தா" என்றான். "பழசையே குடு."

"அவன் தொண்டை போச்சுன்னா நீ பாடுவியா?"

அவள் எழுந்து போய், வியோரெலின் காலடியில் நேர் எதிரே இருந்த இரண்டு மானிட்டர் பெட்டிகளையும் ஓரத்துக்கு நகர்த்தினாள். பாடுகிறவன் தன் குரலைத் தானே கேட்பதற்கான பெட்டிகள் அவை. நேர் எதிரே இருந்தால் புதிய மைக்கின் பின்பக்கக் காதில் போய் விழும். ஓரத்தில் இருந்தால் விழாது. மைக்கைத் தம்பியின் கையில் வைத்து, கத்தாதே, வீட்டில் பேசுகிற மாதிரி பாடு என்றாள். அவன் நாலு வரி பாடினான். ஊளை இல்லை. கிரிகோரே கையை உதறினான். ஏதாவது ஆனால் என்னைக் கேட்கக்கூடாது, அடி வாங்கப்போவது உன் தம்பிதான் என்று சொல்லிவிட்டுச் சிகரெட் பிடிக்கப் போனான்.

விருந்து, சாண்டு என்பவனின் முதல் ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்பதற்காக. பகல் ஒரு மணிக்குச் சர்ச்சிலிருந்து எல்லாரும் வந்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவன் ஞானத்தகப்பன் லுபான். ஆற்று மணல் குவாரி அவனுடையது. சாண்டுவின் மூன்று தம்பிகளும் அவன் லாரிதான் ஓட்டுகிறார்கள். குழந்தையை அதன் அம்மாவிடம் கொடுத்த கையோடு, தன் நாற்காலியில் ஈரம் இருக்கிறது என்று பரிமாறுகிறவனின் கன்னத்தில் ஒரு அறை விட்டான். தட்டும் கிண்ணமும் தரையில் உருண்டன. மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அடி வாங்கியவனும் கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டே கிண்ணங்களைப் பொறுக்கினான்.

சாண்டு போன வருஷ வசந்தத்தில்தான் சிறையிலிருந்து வந்திருந்தான். மூன்று வருஷம். உள்ளே தன் முன்னால் நிமிர்ந்து நடக்க ஒருவனுக்கும் தைரியம் இல்லை என்று ஊர் முழுக்கச் சொல்லியிருந்தான். ஊரும் நம்பியது. நம்பாதவர்கள் அதை அவனிடம் சொல்லவில்லை.

பாட்டு ஆரம்பித்தது. சவேத்தா மிக்சரில் வியோரெலின் குரலைக் கூட்டும் கட்டையை மெல்ல மெல்ல மேலே தள்ளினாள். பத்து வருஷத்தில் தொடாத உயரத்துக்கு அது போயிற்று. அப்போதும் ஊளை வரவில்லை. டிரம் வரவில்லை. தம்பியின் குரல் மட்டும் வந்தது, சின்ன வயதில் அம்மாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டு பாடுவானே, அந்தக் குரல். அவன் கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பாடினான். கோஸ் இலைச் சுருளும் சுட்ட இறைச்சியும் வந்தன, ப்ளம் சாராயம் தண்ணீராக ஓடியது, அவள் எதையும் தொடவில்லை.

காசு கொடுத்தால் பாடகன் பாட்டுக்கு நடுவில் பெயர் சொல்லி வாழ்த்த வேண்டும். ஆட்கள் வந்து வியோரெலின் வியர்த்த நெற்றியில் நோட்டை ஒட்டி, பக்கவாட்டில் குனிந்து காதில் பெயரைச் சொல்லிவிட்டுப் போனார்கள். லுபான் எழுந்து வரவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே விரலைச் சுழற்றினான். அவனுக்குப் பிடித்த பாட்டு ஒன்று உண்டு, எதிரிகளெல்லாம் மண்ணைக் கவ்வுவார்கள் என்று உச்சத்தில் போய் முடியும். அதை ஐந்து தடவை பாடியாயிற்று. ஆறாவது தடவை விரலைச் சுழற்றியபோது வியோரெல் நெஞ்சில் கையை வைத்து, தொண்டையைக் காட்டி, கொஞ்சம் பொறுங்கள் என்று சைகை செய்தான். வாத்தியக்காரர்கள் தண்ணீர் பாட்டிலை எடுத்தார்கள்.

லுபான் எழுந்து மேடைக்கு வந்தான். வியோரெலின் பிடரியில் கையைப் போட்டு இழுத்து நெற்றியோடு நெற்றி முட்ட நின்றான். வியோரெல் மைக்கை வாயருகே பிடித்தபடியே இருந்தான். அதன் அடிப்பக்கம் லுபானின் வாய்க்கு நேராக இருந்தது.

சவேத்தா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இதுபோல ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். எதிரே நின்று பேசுகிறவன் பேச்சு மைக்கில் வராது, கட்டையைத் தொட வேண்டியதில்லை. பழைய மைக்கோடு பழகிய கை அது. அந்தக் கை தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தது.

"தொண்டை வலிக்குதா உனக்கு?" லுபான் தணிந்த குரலில்தான் பேசினான். "பல்லை எடுத்துட்டா அதுவும் சேர்ந்து வலிக்கும். பாடுடா. அந்த சாண்டுவுக்காகப் பாடு. ஜெயில்ல கண்டவன் சாக்ஸைத் துவைச்சுக்கிட்டுக் கெடந்தான். நான் போய்க் காலைக் கையைப் பிடிச்சு வெளிய எடுத்தேன். இப்ப ராஜா மாதிரி உக்காந்திருக்கறதைப் பாரு."

பந்தலின் எட்டு ஒலிபெருக்கிகளும் அதை ஒரு சொல் விடாமல் சொல்லின. 'பாரு' என்ற இடத்தில்தான் அவள் கை கட்டைக்கு வந்தது. அடிவரைக்கும் இழுத்துவிட்டாள். இழுத்து என்ன பிரயோஜனம்.

சாண்டு எழுந்தபோது நாற்காலி பின்னால் விழுந்தது. மேஜையைச் சுற்றிக்கூட வரவில்லை, மேலே ஏறியே வந்தான். சாராய பாட்டில் லுபானின் காதில் உடைந்தது. லுபான் தலையால் அவன் மூக்கில் முட்டினான். மூக்கு உடையும் சத்தம் மிக்சர் வரைக்கும் கேட்டது. சாண்டுவின் தம்பிகள் ஒரு பக்கம், குவாரி ஆட்கள் ஒரு பக்கம். நாற்காலிக் கால், முள்கரண்டி, அகப்பட்டது எல்லாம் ஆயுதம். ஒருவன் சுடுசூப்பில் முகம் குப்புற விழுந்து அலறினான். ஒருவனின் தலையைப் பந்தல் கம்பத்தில் திரும்பத் திரும்ப மோதினார்கள். பெண்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினார்கள். வியோரெல் மேடையில் நின்ற இடத்திலேயே, நெற்றியில் ஒரு நோட்டு ஒட்டியிருக்க, கையில் மைக்கோடு விழித்துக்கொண்டிருந்தான்.

குழந்தையின் அம்மாதான் வாசலில் நின்று கத்தினாள். ஞானஸ்நான எண்ணெய் பூசி ஒரு வேளை ஆகவில்லை, ஞானத்தகப்பன் கோபித்துக்கொண்டு இந்த வாசலைத் தாண்டினால் பிள்ளை என்ன கதிக்கு ஆளாகும் என்று தலையில் அடித்துக்கொண்டாள். கைகள் நின்றன. லுபான் மூச்சு வாங்கினான். காதிலிருந்து ரத்தம் வெள்ளைச் சட்டைக்குள் இறங்கியது. எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு மேடையைக் காட்டினான்.

"நான் எங்கடா பேசினேன்? இவன் பேசினான். என்னை மாதிரியே பேசிக் காட்டறான்."

பந்தலில் இருந்த நூறு பேருக்கும் அது யார் குரல் என்று தெரியும். சாண்டு உடைந்த மூக்கைப் பிடித்தபடி லுபானைப் பார்த்தான். பிறகு தன் தம்பிகளைப் பார்த்தான், வெளியே நிற்கும் லாரிகளைப் பார்த்தான். கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. மேடையில் ஏறி வியோரெலின் முகத்தில் முதல் குத்தை அவனே விட்டான்.

பிறகு இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்தே அடித்தார்கள். வியோரெல் விழுந்த பிறகு விலாவில் உதைத்தார்கள். லுபான் அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினான். நல்ல கனமான இரும்பு வலைத் தலை. அதைக்கொண்டு வாயில் இரண்டு தடவை ஓங்கி இறக்கினான். சவேத்தா மேஜைகளை இடித்துக்கொண்டு ஓடினாள், தப்பு என்னுடையது, மைக் என்னுடையது என்று சொல்லத்தான் ஓடினாள். பாதி வழியில் கிரிகோரே பின்னாலிருந்து பிடித்து அவள் வாயைப் பொத்தினான். அவள் அவன் உள்ளங்கையைக் கடித்தாள். அவன் விடவில்லை.

"லுபான்தான் சொன்னான்னு நீ நிரூபிக்கப் போறியா?" என்று காதில் சொன்னான். "அப்படின்னா கொன்னே போட்டுடுவாங்க. உன் தம்பிதான் சொன்னான்னே இருக்கட்டும், சவேத்தா."

மேஜைகளை நிமிர்த்தினார்கள். சாண்டுவும் லுபானும் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டுக்கொண்டார்கள். ஒருவன் ரத்தம் மற்றவன் முகத்தில் ஒட்டியது. பரிமாறுகிறவன் புதுத் தட்டுகளைக் கொண்டு வந்தான். பாடகன் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும், மைக்கில் கேட்க வேண்டும் என்று லுபான் சொன்னான். இரண்டு பேர் வியோரெலைத் தூக்கி நிறுத்தி, தலை நசுங்கிய மைக்கை அவன் விரல்களுக்குள் திணித்தார்கள்.

கிரிகோரே அவளை மிக்சருக்குக் கூட்டி வந்தான். இப்போதாவது பழைய மைக்கைக் கொடு, லுபான் உன் தம்பிக்கு எதிரேதான் நிற்கிறான் என்று கெஞ்சினான். பெட்டி அவள் காலடியிலேயே இருந்தது. சவேத்தா தம்பியின் வாயைப் பார்த்தாள். முன்பற்கள் இல்லை, உதடு கிழிந்து தொங்கியது. பழைய மைக்கில் கத்தினால்தான் கேட்கும். கேட்கவில்லை என்றால் மறுபடி அடிப்பார்கள். அவள் புதிய மைக்கின் கட்டையை மேலே தள்ளினாள்.

"நான்தான் சொன்னேன்" என்றான் வியோரெல். காற்றும் எச்சிலும் ரத்தமும் கலந்து வந்த குரல். அவன் விழுங்குவதுகூடத் துல்லியமாகக் கேட்டது. "என்னை மன்னிச்சிருங்க."

லுபான் காதில் துண்டை வைத்துக்கொண்டு அவனுக்கு நேர் எதிரே, ஒரு சாண் தூரத்தில் நின்றான். "இன்னொரு தடவை" என்றான் தணிந்த குரலில். "பின் மேஜைக்கும் கேக்கணும். இல்லன்னா மிச்சப் பல்லும் கீழ வரும்."

எட்டு ஒலிபெருக்கிகளிலும் அது வந்தது. சவேத்தா கட்டையில் விரலை வைத்தபடி பந்தலைப் பார்த்தாள். ஒருவர்கூடத் தலையைத் திருப்பவில்லை. சாண்டு குனிந்து, தட்டிலிருந்த இறைச்சியைச் சின்னச் சின்னதாக அறுத்துக்கொண்டிருந்தான்.

அவள் கட்டையை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளினாள்.