இருபத்தெட்டு பவுண்டு காற்று

எழுபத்துமூன்றாம் வருஷம், சாந்தன்பாறை ஏலத்தோட்டத்தில் கார் ஓட்டிய வீரபாண்டிக்கு எவனைப் பார்த்தாலும் சந்தேகம். எல்லாம் டயர்க் காற்றை அளக்கும் அந்தக் கேஜ் வந்தபிறகுதான். பாலக்காட்டுக்காரரான மேனேஜர் சுந்தரேசன் கோயமுத்தூரில் வாங்கிவந்து, பேனா செருகுவதுபோல் அவன் சட்டைப்பையில் செருகிவிட்டார்.

"இனிமே டயரைத் தட்டிப் பாக்கறதெல்லாம் வேண்டாம், கேட்டயா? இருபத்தெட்டு பவுண்டு. கூடவும் படாது, கொறையவும் படாது."

பத்து வருஷம் ஸ்பானரால் தட்டி, சத்தத்தை வைத்தே காற்றை மதிப்பிட்டவன் வீரபாண்டி. ஆனாலும் கேஜ் நல்ல சாமான்தான். அவன் காதுக்கு எட்டாத ஒரு பின்டயர்க் குறையை முதல் நாளே காட்டிக்கொடுத்தது. அதோடு அவன் அதற்கு அடிமையாகிவிட்டான்.

வாரம் இருமுறை சாமான் வாங்க மலையடிவாரத்துப் போடிக்கு இறங்குவான். உச்சிவெயிலில் அளந்தால் முப்பத்துநாலு காட்டும். கூடவும் படாதே! நான்கு டயரிலும் காற்றைத் திறந்து இருபத்தெட்டில் நிறுத்துவான். மலையேறி வந்து, மறுநாள் காலைக் குளிரில் அளந்தால் இருபத்துமூன்று. கைப்பம்பு அடித்தே இடுப்பு கழன்றது.

ராத்திரி கார் ஷெட்டில் படுப்பவன் காவல்காரன் கருப்புசாமி ஒருவன்தான். அவன் மனைவி மாரித்தாயைக் காரில் ஏற்ற மாட்டேன் என்று வீரபாண்டி ஒருநாள் சொல்லியிருந்தான். அந்த வயிற்றெரிச்சல்தான், வேறென்ன? கருப்புசாமி சிரித்தால் நக்கல், சிரிக்காவிட்டால் கள்ளத்தனம்.

"ஏலே, காத்தத் தொறந்துவிட்டது யாரு?"

"சத்தியமா எனக்குத் தெரியாதுண்ணே."

"பெறகு காத்துக்குக் கால் மொளச்சா போச்சு?"

மூன்றாம் முறையும் குறைந்ததும் மேனேஜரிடம் சொல்லிவிட்டான். கருப்புசாமிக்கு வேலை போயிற்று. தோட்டம் கொடுத்திருந்த லயத்து வீட்டை ஞாயிற்றுக்கிழமை காலி செய்ய வேண்டும்.

சனிக்கிழமை போடி போய்வந்த வீரபாண்டி, ஷெட்டைத் தானே பூட்டி, சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டு படுத்தான். காலையில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. நான்கு டயரும் இருபத்துமூன்று.

அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நேற்று போடியில் காற்றைத் திறக்கும்போது டயர் கையைச் சுட்டது நினைவுக்கு வந்தது. சூட்டில் உப்பிய காற்றை அதிகம் என்று நம்பி வெளியே விட்டவன் அவனேதான். மிச்சக் காற்று மலைக்குளிரில் சுருங்கிவிட்டது. கேஜ் அளவைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஒரு குடும்பத்தின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டோமே என்று எழுந்தான். மேனேஜரிடம் ஓடி, தப்பு தன்னுடையது என்று சொன்னான்.

"மாரித்தாய் வந்து அழுதாளோ?" என்றார் சுந்தரேசன். "நேத்திக்கு ஒண்ணு சொன்னாய், இன்னிக்கு ஒண்ணு சொல்றாய். இனி உன்னையும் கொஞ்சம் கவனிக்கணும்."

காரை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்தான். டிரங்குப் பெட்டியோடு கருப்புசாமியும் மாரித்தாயும் பஸ்ஸுக்கு நின்றார்கள்.

"தப்பெல்லாம் என்னோடதுதான்டா. வண்டியில ஏறுங்க. எங்க போணுமோ கொண்டுபோயி விடுறேன்."

கருப்புசாமி அவனைப் பார்த்தான். பிறகு நான்கு டயரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பெட்டியைக் காரைவிட்டுத் தள்ளி வைத்து, மனைவியையும் தள்ளி நிற்கச் சொன்னான்.

"வேணாம்ணே. வண்டியில ஏறி எறங்குன பெறகு ஏதாவது கொறஞ்சிருந்தா, அதுக்கும் நாந்தான் பதில் சொல்லணும்."