பத்தாம் நம்பர் பிளேடு

நாய்க்கு முடி வெட்டும் பிளேடில் நம்பர் ஏற ஏற முடி குறையும். நான்காம் நம்பர் போட்டால் உடம்பில் ஒரு சென்டிமீட்டர் முடி மிஞ்சும். பத்தாம் நம்பர் போட்டால் தோல்தான் மிஞ்சும். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பெரிய நம்பர் என்றால் நீளமான முடி என்றுதான் ஊர் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறது.

அன்று காலையில் அண்ணியும் அதையேதான் சொன்னாள்.

"பெரிய நம்பராப் பாத்துப் போடு. முடி நிறைய இருக்கணும். மாமாவுக்கு அடையாளம் தெரியணும்ல?"

"பெரிய நம்பர் போட்டா மொட்டைதான் அண்ணி."

"அப்ப சின்னதப் போடு. எதையோ போடு. முடி இருக்கணும், அவ்ளோதான்."

அவள் மாமா என்றது என் அப்பாவை. அப்பா கடை வாசலில் நாயின் வாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மரியாதையாகக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். பெற்ற மகள் வேறு என்ன செய்வது?

அப்பா தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தவர். வேலை பார்த்த காலம் முழுக்க வீட்டுக்கு வீடு நாய்க்குப் பயந்தே கேட்டைத் திறந்தவர். அவருடைய கெண்டைக்காலில் ஊர் நாய்களின் பல்வரிசை எல்லாம் பதிந்திருக்கும். ஓய்வு பெற்ற மறுவாரம், கோபத்தில் என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "இவ்வளவு நாள் அவங்க என்னை மிரட்டினாங்க, இனி நான் மிரட்டப் போறேன்" என்றார். ஒரு நாள்கூட மிரட்டவில்லை. வீட்டில் யார் எந்த வேலை செய்தாலும் அது முன்னங்காலை அகட்டி வைத்து, கொத்தனாரை மேய்ப்பது போல நின்று பார்க்கும். அதனால் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தோம்.

பிறகு அப்பாவுக்கு மறதி வந்தது. முதலில் அண்ணன் மறந்து போனான். அவன் கப்பலில் வேலை பார்ப்பவன், வருஷத்தில் பாதி நாள் கண்ணிலேயே படமாட்டான், அவனை மறப்பது சுலபம். அடுத்தது நான். அப்புறம், மூன்று வேளையும் ஊட்டிவிடுகிற அண்ணி. மேஸ்திரியை மட்டும் மறக்கவில்லை. கண் விழித்ததும் "மேஸ்திரி எங்க?" என்பார். அது காலடியில் இருந்தால் போதும், சாப்பிடுவார், சட்டை மாற்றிக்கொள்வார், சிரிப்பார். ஒரு முறை வயிறு சரியில்லை என்று டாக்டர் அதை ஒரு நாள் ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார். அன்று அண்ணி எனக்குப் போன் செய்தாள். போனை அப்பா பக்கம் திருப்பிப் பிடித்தாள். கதவை அடித்துக்கொண்டு அப்பா அழுத அழுகையை நான் இங்கே முடி வெட்டும் கிளிப்பரும் கையுமாக நின்று கேட்டேன்.

மேஸ்திரியை மேசை மேல் ஏற்றி முதுகில் கை வைத்தேன். விரல் உள்ளே போகவில்லை. மேலே பார்க்கப் புசுபுசுவென்று இருந்தது. அடியில் முடி முழுக்கச் சடை பிடித்து, கெட்டிக் கம்பளி மாதிரி தோலோடு ஒட்டிக் கிடந்தது. ஓரத்தைப் பிரித்துப் பார்த்தேன். தோல் சிவந்து, நீர் கோத்து, வாடை அடித்தது. எனக்கு மூக்கு மேல் கோபம் வந்தது.

"என்ன அண்ணி இது? வீட்ல சீப்புன்னு ஒண்ணு இல்லையா? இத இப்படியா வெச்சிருப்பாங்க?"

"மாமா குளிப்பாட்டறாரு."

"குளிப்பாட்டினா?"

"குளிப்பாட்டினத மறந்துட்டு மறுபடியும் குளிப்பாட்டறாரு. காலைல, மத்தியானம், சாயங்காலம். தொடைக்கறதில்ல. சீப்பக் கையில எடுத்தா இவன் கத்தறான், இவன் கத்தினா மாமா என்னை அடிக்க வர்றாரு." அண்ணி குரலைத் தாழ்த்தினாள். "அவரு குளிப்பாட்டற நேரத்துலதான் நான் உக்காந்து நாலு வாய் சாப்பிடறேன். நீ வந்து ஒரு வாரம் இருந்து பாரு, அப்புறம் கோவப்படு."

நான் திரும்பி மறுபடி சடையைத் தடவிப் பார்த்தேன்.

சிக்கு விழுந்த முடியை ஈரமாக்கிவிட்டு அப்படியே விட்டால் அது இறுகும். திரும்பத் திரும்ப நனைத்தால் துணியாகவே ஆகிவிடும். அப்பா கொட்டிய ஒவ்வொரு குவளைத் தண்ணீரும் முடிச்சின் மேல் முடிச்சாக விழுந்திருக்கிறது. மேஸ்திரியும் பாவம், எத்தனை முறை குளிப்பாட்டினாலும் அசையாமல் நின்றிருக்கிறது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் விட்டால் புண்ணில் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். எடுத்தே ஆக வேண்டும்.

எடுத்தால் அப்பாவுக்கு அடையாளம் தெரியுமா? நான் ஒரு கணக்குப் போட்டேன். அவர் கண்ணில் படாமல் எங்கேயோ அனுப்பிவிட்டு மொட்டையாகக் கொண்டுவந்து நிறுத்தினால்தான் தெரியாது. கண் எதிரிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால்? முகத்தைத் தொடாமல், வாலைத் தொடாமல் விட்டால்? அப்பாவை மேசையருகில் நிறுத்தி, மேஸ்திரியின் தாடையை அவர் கையிலேயே கொடுத்தேன்.

"பதமாச் செய்யுங்கம்மா," என்றார் அப்பா. "என் பொண்ணும் இந்த வேலைதான் செய்யறா. அவகிட்டயே போலாம்னு சொன்னேன். இவங்கதான் கேக்காம இங்க கூட்டிட்டு வந்துட்டாங்க."

"உங்க பொண்ணு நல்லாச் செய்வாளா?"

"அவ கை பட்டா நாய் தூங்கிடும்."

"இப்ப எங்க இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா," என்றார்.

அண்ணி சுவரில் ஒட்டியிருந்த விலைப்பட்டியலை உற்றுப் படிக்க ஆரம்பித்தாள்.

முதலில் நான்காம் நம்பர் போட்டேன். போகாது என்று தெரியும், இருந்தாலும் மனசு கேட்கவில்லை. சடையின் ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. ஐந்து போட்டேன். அதுவும் நின்றது. ஏழு, நெஞ்சுப் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து அப்புறம் முடியை இழுத்தது. மேஸ்திரி முனகியது. "ஏய், ஒண்ணும் இல்லடா," என்றார் அப்பா. சடை தோலோடு ஒட்டியிருக்கும்போது, தோலுக்கும் சடைக்கும் நடுவில் புகுகிற பிளேடுதான் வெட்டும். அதற்கு என்னிடம் இருப்பது பத்துதான். தலைகீழாக நின்றாலும் வேறு வழி இல்லை.

பத்தைப் போட்டேன். கழுத்தடியில் தொடங்கியதும் சர்ரென்று இறங்கியது. சடை துண்டு துண்டாக விழவில்லை, போர்வையை உரிப்பது போல ஒரே தகடாகக் கழன்று வந்தது. அடியிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒல்லியான ஓர் உடம்பு வெளியே வந்தது. மேஸ்திரி இவ்வளவு சின்னவன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டினேன். அவர் நாயின் கண்ணை மட்டும் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம்டா. முடிஞ்சது. வீட்டுக்குப் போலாம்." எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சிரிப்புகூட வந்தது.

வலப்பக்கம் முடிந்து இடுப்பைத் தாண்டும்போது பிளேடு சூடேறியது. மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்த்தேன், சுரீர் என்றது. இந்தச் சூட்டில் ஓட்டினால் வெந்துபோன தோல் இன்னும் வேகும். என்னிடம் இருக்கும் இன்னொரு பத்தாம் நம்பர் சாணை பிடிக்கப் போயிருந்தது. கிளிப்பரை நிறுத்தினேன். கழன்ற பாதிச் சடையைக் கத்தரித்து முக்காலியில் போட்டேன். பிளேடைக் கழற்றிப் பழைய பல் பிரஷால் பற்களுக்கிடையில் சிக்கிய முடியைத் தட்டினேன். திரும்ப மாட்டி, பிளேடு கழுவும் எண்ணெயில் பல்லை மட்டும் முக்கி ஓடவிட்டேன். கறுப்பாக அழுக்கு இறங்கியது. மறுபடி கழற்றித் துடைத்துத் தரை ஓட்டின் மேல் ஆறவைத்தேன். எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்யாத என் புத்தியை அன்றைக்கு மட்டும் சபித்தேன்.

ஏனென்றால் அந்த இடைவெளியில்தான் அப்பா, "பாத்ரூம் போகணும்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கப்பா. இதோ முடிஞ்சிடும்."

பொறுக்க முடியாது என்று அவர் முகமே சொன்னது. அண்ணி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நான் மேசையருகிலேயே நின்றேன். மேஸ்திரி கதவைப் பார்த்தபடி நடுங்கிக்கொண்டு நின்றது.

திரும்பி வந்தவர் கதவிலேயே நின்றார்.

"ஐயோ பாவம். யாரும்மா இத இப்படிப் பண்ணினாங்க? யாரு நாய் இது?"

மேஸ்திரி வாலை ஆட்டியது. வால் என்னவோ முழுசாக, வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. நான் அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து அவர் பக்கம் திருப்பினேன்.

"மூஞ்சியப் பாருங்கப்பா. மேஸ்திரிப்பா. இவ்வளவு நேரம் நீங்கதான் புடிச்சிட்டிருந்தீங்க."

நன்றாகத்தான் பார்த்தார். என் மனசு நோகக்கூடாது என்பது போலப் பொறுமையாகப் பார்த்தார். "நல்ல நாய்தான். ஆனா நம்மாளு நல்லா குண்டா இருப்பான்," என்றார். பிறகு தயங்கி, "அப்பான்னு கூப்பிடறீங்க. பெரிய மனசும்மா உங்களுக்கு," என்றார்.

அண்ணி, "மாமா, மாமா," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவின் உதடு துடிக்கத் தொடங்கியது. போனில் கேட்ட அந்த அழுகை வரப்போகிறது என்று தெரிந்தது. "மேஸ்திரி எங்க?" என்று அறையைச் சுற்றிப் பார்த்தார். மேசைக்கு அடியில் பார்த்தார். முக்காலியைப் பார்த்தார்.

முகம் மலர்ந்தது. "இங்கதான் இருக்கியா!"

கத்தரித்துப் போட்ட சடையை இரண்டு கையாலும் அள்ளி எடுத்தார். நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைப் பக்கம் மேலே இருக்கும்படி திருப்பி, காதுக்குப் பின்னால் எப்போதும் தடவுவது போலத் தடவினார். அடிப்பக்கத்து வாடை எனக்கே குமட்டியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அழுகை நின்றுவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுதிருந்தால் ஏதாவது செய்திருப்பேன். சமாதானம் சொல்லியிருப்பேன், சண்டையாவது போட்டிருப்பேன்.

பாதி மொட்டையாக விடவா முடியும்? ஆறின பிளேடில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு மாட்டி, இடப்பக்கத்தையும் எடுத்தேன். கண்ணீர் மறைத்ததால் தடவித் தடவித்தான் வெட்டினேன். மேஸ்திரி தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. புண்ணுக்கு மருந்து போட்டேன்.

"வளந்துடும்ல?" என்றாள் அண்ணி.

"வளரும். நாலு மாசம் ஆகும்."

"அதுவரைக்கும் மாமா..."

நாலு மாசத்தில் அப்பாவிடம் என்ன மிஞ்சியிருக்கும் என்று இரண்டு பேருக்குமே தெரியாது. அந்தச் சடையை வீட்டில் வைத்திருக்க முடியாது என்றும், அவர் மடியிலிருந்து பிடுங்க முடியாது என்றும் மட்டும் தெரிந்தது. ஒரு சுத்தமான டவலை எடுத்து நீட்டினேன். "குளிருமே, போத்திக்கட்டும்," என்றேன். அப்பா சந்தோஷமாக வாங்கிச் சடையைச் சுற்றிக்கொண்டார்.

மேஸ்திரியை இறக்கிவிட்டேன். நேராக ஓடி அவர் முழங்காலில் தாடையை வைத்தது. அப்பா டவல் மூட்டையை மார்போடு தூக்கிக்கொண்டு எழுந்தார்.

"போலாமா?" என்று அண்ணியைக் கேட்டார். "இவனுக்குத் தூக்கம் வந்திடுச்சு."

அவள் முன்னால் போய்க் காரின் கதவைத் திறந்தாள். அப்பா நடந்தார். மேஸ்திரி அவர் காலோடு காலாகப் பின்னால் போனது, வார் தரையில் இழுபட. வாசற்படியில் அப்பா குனிந்து, மூட்டை நழுவாமல், ஒரு கையால் வாரை எடுத்தார். என்னிடம் திரும்பி வந்தார்.

"உங்க நாயப் புடிச்சுக்கோங்கம்மா," என்றார். "என் பின்னாடியே வருது."

நான் பிடித்துக்கொண்டேன்.