பிறக்காதவரும் சாகாதவரும்

வெர்லின் ஆஸ்டர்காம்ப்பின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா ஒருவர் இருந்தார். பெயர் யோஹான் ஹின்ரிக். ஜெர்மனியிலிருந்து மனைவியோடு கப்பலேறினார், ஐயோவாவில் நிலம் பிடித்தார், ஒன்பது பிள்ளைகளைப் பெற்றார், முறைப்படி இறந்து சீயோன் லூத்தரன் சர்ச்சின் கல்லறையில் அடங்கினார். எல்லாவற்றுக்கும் ஆதாரம் இருக்கிறது. பிறந்ததற்கு மட்டும் இல்லை.

கேட்ட அத்தைகள் ஒவ்வொருவரும் அவரை வேறு வேறு ஊரில் பிறக்க வைத்தார்கள். ஒருத்தி ஹனோவர் என்றாள். இன்னொருத்தி பிரஷ்யா என்றாள். மூன்றாமவள், அவர் ஒரு பிரபுவின் மகன், பட்டாளத்துக்குப் பயந்து ஓடிவந்தார் என்றாள். அப்படிச் சொல்லும்போது முதுகை நிமிர்த்திக்கொண்டாள். கடைசியில் சர்ச் பத்திரிகையின் பழைய இரங்கல் செய்தி ஒன்று ஹோல்டர்பெக் என்ற ஊரின் பெயரைக் கொடுத்தது. அந்த ஊர் சர்ச்சின் ஞானஸ்நான, கல்யாண, மரணப் பதிவுகளைப் படமெடுத்த ஃபிலிம் சுருளை மாவட்ட நூலகம் எங்கிருந்தோ இரவல் வாங்கித் தந்தது. வெள்ளிக்கிழமை திருப்பி அனுப்ப வேண்டும்.

அதே வெள்ளிக்கிழமைதான் கல்வெட்டுக்காரனும் கெடு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்டர்காம்ப் வம்சம் முழுக்கக் கூடுகிறது. தேய்ந்துபோன பழைய நடுகல்லுக்குப் பதில் புதுக் கருங்கல் திறக்கிறார்கள். ஏற்பாடு வெர்லினுடையது. பிறந்த வரி காலியாக நின்றால், சிற்பி பாதியில் சாப்பிடப் போனதுபோல இருக்கும். வம்சம் அதைச் சாகும்வரை சொல்லிக்காட்டும்.

புதன்கிழமை காலை நூலகத்துக்குப் போனால், சுருளைப் பெரிதாக்கிக் காட்டும் ஒரே கருவியின் முன்னால் வெண்டல் க்ரூஸ உட்கார்ந்திருந்தார்.

க்ரூஸ குடும்பம் எதிர் சர்ச். ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னால், யாரையெல்லாம் காப்பாற்றப் போகிறோம் என்று கடவுள் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டாரா என்று ஊரில் ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் யாருக்கும் இப்போது நினைவில்லை. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு லூத்தரன் சர்ச், அந்தப் பக்கம் இன்னொரு லூத்தரன் சர்ச் என்பது மட்டும் மிச்சம். வெர்லினும் வெண்டலும் அறுபது வருடமாக மழையைப் பற்றி மட்டும் பேசிக்கொள்பவர்கள்.

"சுருள் ஒண்ணுதான் வந்திருக்கு. ரெண்டு பேருமே கேட்டிருந்தீங்க," என்றாள் நூலகர் ஜோலீன். "ஒருத்தர் சுத்துங்க, ஒருத்தர் படிங்க. சண்டைன்னா வெளிய."

வெர்லின் நாற்காலியை இழுத்துப் போட்டார். "உனக்கு எதுக்குய்யா இது?"

"எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு அண்ணன். ஞானஸ்நானம் ஆச்சு, வயசு வந்ததும் சர்ச்சுல திடப்படுத்தலும் ஆச்சு, அதோட ஆளக் காணோம். கல்யாணம் இல்ல, சாவு இல்ல, கப்பல் சீட்டு இல்ல. கடல்ல விழுந்துட்டாருன்னு வீட்டுல சொல்வாங்க. எங்கம்மா அவருக்காகக் கடைசி வரைக்கும் ஜெபம் பண்ணா. செத்தாரா இல்லையான்னு தெரிஞ்சுக்கணும்."

"நூத்தி எழுபது வயசு ஆயிருக்குமே. செத்திருப்பாருன்னுதான் நெனைக்கிறேன்."

"எழுத்துல வேணும்யா. உனக்கு?"

"எங்க ஆளு பிறந்தாரான்னு பாக்கணும்."

வெண்டல் அவர் பக்கம் திரும்பினார். "ஒன்பது பிள்ளை பெத்தாரே, அவரா? பிறக்காமலேயா?" என்று கேட்டுவிட்டு, மிகுந்த திருப்தியோடு கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார்.

பழைய ஜெர்மன் கையெழுத்து, உழுத வயலில் கோழி நடந்ததுபோல இருந்தது. ஹோல்டர்பெக்கில் ஆண்பிள்ளை பிறந்தால் பாதிரியாருக்கு யோசிக்கும் வேலை இல்லை. பாதிப் பேர் யோஹான் ஹின்ரிக், மீதிப் பேர் ஹின்ரிக் யோஹான். பழைய நடுகல்லில் இறந்த தேதியும், வயது இத்தனை வருடம், இத்தனை மாதம், இத்தனை நாள் என்றும் வெட்டியிருந்தது. வெர்லின் பின்னோக்கிக் கணக்குப் போட்டு ஒரு மார்ச் மாதத் தேதியைக் கையோடு கொண்டுவந்திருந்தார். அந்தத் தேதியில் ஒரு யோஹான் ஹின்ரிக் இருக்கத்தான் செய்தான்.

"கைய எடு," என்றார் வெண்டல். "அது எங்காளு. க்ரூஸன்னு தெளிவா எழுதியிருக்கு பாரு."

வெர்லின் கையை எடுத்தார். கணக்கு தப்பியிருக்கும், அல்லது கல் வெட்டியவன் குடித்திருப்பான் என்று சமாதானம் செய்துகொண்டு அடுத்த பக்கங்களுக்குப் போனார். அங்கே ஆஸ்டர்காம்ப் வீட்டில் பிறந்தது ஒரே ஒரு பிள்ளை. பெண். அன்னா காத்தரீனா. அந்தப் பெயரும் தேதியும் வெர்லினுக்கு மனப்பாடம். யோஹான் ஹின்ரிக்கின் மனைவியுடையவை. அதை வாய்தவறிச் சொல்லியும்விட்டார்.

"உன் பாட்டியும் ஆஸ்டர்காம்ப், பாட்டனும் ஆஸ்டர்காம்ப்," என்று வெண்டல் மெல்லச் சொன்னார். "ஒரே வீட்டுப் பிள்ளைங்களாய்யா? உங்க சர்ச்சுல அதுக்கெல்லாம் அனுமதி உண்டோ?"

வெர்லின் எழுந்து மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். புதுக் கல்லில் அண்ணன் தங்கை என்று வெட்டுவதற்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்தார்.

சூப் ஆறும்வரை அவர் ஸ்பூனைத் தொடாததைப் பார்த்த மனைவி ஆர்லிஸ் விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"கல்யாணப் பக்கத்தப் பாத்தியா?"

"எப்பவோ அந்தப் பதிவப் பாத்த ஒரு ஆளு எழுதி அனுப்பினான். ஆஸ்டர்காம்ப்னு ஒரு மாப்பிள்ளையே அந்த ஊர்ல இல்லையாம்."

"பொண்ணப் பாத்தானா?"

வெர்லின் விழித்தார்.

"அவதான கண்ணெதிர்ல பிறந்து தொலைச்சிருக்கா," என்றாள் ஆர்லிஸ். "இத்தன வருஷமா மாப்பிள்ளையையே தேடுற. எந்தக் கல்யாணத்துலயாவது மாப்பிள்ளைய யாராவது பாத்திருக்காங்களா? பொண்ணப் போய்ப் பாரு. முதல்ல சூப்பக் குடி."

மறுநாள் காலை வெண்டல் சுற்றினார், வெர்லின் மணமகள்கள் பக்கமாக மட்டும் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். அன்னா காத்தரீனா ஆஸ்டர்காம்ப் கிடைத்தாள். ஆஸ்டர்காம்ப் பண்ணையின் வாரிசு, ஆண்பிள்ளை இல்லாத வீட்டின் ஒரே மகள். பாதிரியார் அதற்குப் பக்கத்தில் எழுதியிருந்ததை இருவரும் எழுத்து எழுத்தாக, குழந்தைகள்போல, வாய்விட்டுக் கூட்டினார்கள். மணமகன் யோஹான் ஹின்ரிக் க்ரூஸ, குடியானவன் மகன். பண்ணைக்குப் போய்க் குடியிருக்கிறான். இனி ஆஸ்டர்காம்ப் எனப்படுவான்.

கைப்பிடி நின்றது. அறை அவ்வளவு அமைதியானதில் ஜோலீன் எட்டிப் பார்த்தாள். யாருக்கும் அடிபட்டதாகத் தெரியாததால் திரும்பிப் போனாள்.

"பண்ணையோட பேர எடுத்துக்கிட்டாரு," என்றார் வெர்லின். "நாம மட்டும் என்னவாம். ஹல்சிங் குடும்பம் எங்க தாத்தாவுக்கு நிலத்த வித்துட்டுப் போயி எத்தனையோ காலம் ஆச்சு. என் வீட்ட இன்னமும் ஹல்சிங் இடம்னுதான் சொல்றாங்க."

"சொல்றாங்க. நீ பேர மாத்திக்கலையே."

"ஆர்லிஸ் கேட்டிருந்தா மாத்தியிருப்பேன்."

வெண்டல் சிரிக்கவில்லை. காணாமல்போன அண்ணனும் வெண்டலின் கொள்ளுத்தாத்தாவான தம்பியும் ஒரே ஊருக்குத்தான் வந்திருக்கிறார்கள். கடவுளின் முடிவு பற்றிய அந்தச் சந்தேகத்தில் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறார்கள். தம்பி தன் பிள்ளைகளிடம், அண்ணன் கடலில் விழுந்துவிட்டான் என்று சொல்லியிருக்கிறார். சாலையைக் கடப்பதைவிட அது சுலபமாக இருந்திருக்க வேண்டும்.

வெர்லினுக்கு ஞாயிற்றுக்கிழமை கண்முன் வந்தது. ஆஸ்டர்காம்ப் என்று நெஞ்சில் அச்சடித்த பச்சைச் சட்டையில் வம்சம் முழுக்க. குடும்பச் சின்னம் போட்ட கோப்பைகளோடு ஒன்றுவிட்ட தங்கை லவான். முதுகை நிமிர்த்திய அத்தை. ஆஸ்டர்காம்ப் என்று மட்டும் வெட்டி, தேதியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். சுருள் நாளை போய்விடும். வெண்டல் சொன்னால் எதிர் சர்ச்காரன் பொறாமையில் பேசுகிறான் என்பார்கள்.

ஆனால் ஐந்து வருடம் தேடியது இதைத்தான். கிடைத்தவரை மறுபடி பிறக்காதவராக ஆக்க அவருக்கு மனம் வரவில்லை.

ஜோலீனின் மேசைத் தொலைபேசியில் கல்வெட்டுக்காரனைக் கூப்பிட்டார். "எழுதிக்கோப்பா. யோஹான் ஹின்ரிக் ஆஸ்டர்காம்ப். கீழ, பிறப்பால் க்ரூஸ. ஆமா, க்ரூஸதான். ஆமா, அந்த க்ரூஸதான். எழுத்து சின்னதானாலும் பரவாயில்ல. இல்லப்பா, நான் குடிக்கல, மணி பத்துதான ஆகுது."

திரும்பியபோது வெண்டல் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எங்க வெச்சிருக்கீங்க அவர?"

"எங்க சர்ச் பக்கத்துல. வேலி ஓரம், மூணாவது வரிசை."

"எங்க பக்கம் புல்லு வெட்டுறது நான்தான்யா. அந்த வரிசையத் தினம் பாக்குறேன்."

இருவரும் வெர்லினின் வண்டியில் போனார்கள். பிறந்ததிலிருந்து அந்தச் சாலைக்கு எதிர்ப்பக்கம் கால் வைக்காத வெண்டல், வாசலில் ஒரு கணம் தயங்கிவிட்டு உள்ளே நடந்தார். தேய்ந்த கல்லின் முன் குனிந்து எழுத்துகளை விரலால் தடவினார். அம்மாவிடம் சொல்ல முடியாதது பற்றி ஏதோ முனகினார். வெர்லின் கேட்காததுபோல ஒரு முட்செடியைப் பிடுங்கினார்.

"ஞாயித்துக்கிழமை வந்துரு," என்றார் பிறகு. "உங்க ஆளுங்களும். அவரு உங்களுக்கும்தான."

"சின்னப் பிள்ளைங்களோட நாப்பது பேர் வருவோம்."

வெர்லின் முட்செடியைக் கீழே போட்டார். சாலையைப் பார்த்தார், வெண்டலைப் பார்த்தார்.

"சரி. ஆனா இன்னும் நாப்பது பேருக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கணும்னு ஆர்லிஸ்கிட்ட நீயே வந்து சொல்லு. நான் வண்டியிலயே இருக்கேன்."

வெண்டல் கால்சட்டையில் கைகளைத் துடைத்துக்கொண்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு, வண்டியை நோக்கி நடந்தார்.