இரண்டாம் வரிசையின் ஒழுகல்

1.

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. 1948ஆம் வருஷம், மொரீஷியஸ் தீவில், கியூர்பிப்பிலிருந்து மாயெபூருக்குப் போகும் வண்டி. என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பெண்கள்.

“என் ஒழுகலைக் காணோம், சில்வி.”

“நல்லாத் தேடினியா?”

அவர்கள் பேசியது தீவின் பேச்சுமொழியான கிரியோல். எனக்குக் கேட்டது தமிழ். கதைகள் என்னிடம் முகங்களோடு வருவதில்லை, குரல்களாகத்தான் வருகின்றன. அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேச்சு நின்றிருக்கும். ஆகவே ஒழுகலைத் தொலைத்த அந்த ழனின் உயரமா குட்டையா என்று என்னிடம் கேட்காதீர்கள்.

2.

முதல் தொடக்கம்: “கியூர்பிப்பின் மேட்டில், மேகங்கள் இளைப்பாறும் அந்தப் பழம்பெரும் தேவாலயம்...” வேண்டாம். மேகங்கள் அங்கே இளைப்பாறுவதில்லை, வேலை செய்கின்றன.

இரண்டாம் தொடக்கம்: “தேவாலயத்தின் தகரக் கூரையில் பல ஓட்டைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர்.” இது தேவலை.

நூறு வருஷக் கட்டடம். அதைப் பராமரிக்கச் சம்பளமில்லாமல் பெயர் கொடுத்தவர்கள் ஒரு குழு, தலைவி சில்வி. கூரையை மாற்ற வழியில்லாததால் ஒவ்வோர் ஒழுகலையும் ஒருவரிடம் ஒப்படைத்திருந்தார்கள். அடியில் பாத்திரம் வைக்க வேண்டும். பூசையின் நடுவில் நிறைந்தால் சத்தமில்லாமல் கொட்டிவிட்டு வர வேண்டும். அதற்காகப் பாத்திரத்தின் பக்கத்திலேயே உட்காரலாம்.

(அந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். கதை அதன் மேல்தான் நிற்கிறது.)

ழனின் வீடுவீடாகப் போய்த் துணி வெளுப்பவர். அவருடைய ஒழுகல் இரண்டாம் வரிசையில். பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்த அந்த இருக்கை ஒரு சர்க்கரை ஆலை முதலாளி குடும்பத்துக்கு உரியது. முதலாளியின் மனைவியை ஊரே மாதாம் என்றது. மாதாமின் தொப்பி அடுத்தடுத்து நனைந்ததும் குடும்பம் எதிர்ப்பக்கம் ஒதுங்கியது. அதுவரை கடைசித் தூணுக்குப் பின்னால் நின்று பூசை கண்ட ழனின், எனாமல் குண்டாவோடு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

3.

மருதை. தகர வேலைக்காரர், முருக பக்தர். இவரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. கோயிலுக்குப் போகிற ஆள் தேவாலயக் கூரையைச் சும்மா பழுதுபார்க்கிறார் என்றால், மத நல்லிணக்க விழாவுக்காகச் செய்த பொம்மை மாதிரி இருக்கிறது. அவரையே கேட்டேன்.

“ஏன் ஏறினே?”

“மகளுக்குக் காய்ச்சல், அம்மா. முருகனுக்குக் காவடி நேர்ந்தேன். அந்தோனியாருக்குக் கூரையில வைக்க ஈயம் நேர்ந்தேன்.”

“ஒருத்தர் போதாதா?”

“காய்ச்சல் பலமா இருந்துச்சே.”

நம்பிவிட்டேன். காய்ச்சல் இறங்கியதும் அவர் ஏறி, கண்ணில் பட்ட முதல் ஓட்டையை ஈயம் வைத்து அடைத்தார். அது ழனினுடையது.

4.

ஞாயிறு வந்தது. இரண்டாம் வரிசை காய்ந்து கிடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு ழனின் சால்வைக்குள் ஒரு புட்டித் தண்ணீரோடு வந்து, சொட்டுச் சொட்டாகக் குண்டாவில் விட்டுக்கொண்டிருந்தார். வெளியே வெயில்.*

மாதாம் எழுந்து வந்தார். “மழையே இல்லையே?”

“இது போன வார மழை, மாதாம். தகரத்துல தங்கி மெதுவா இறங்கும்.”

மாதாம் அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து எதுவும் விழவில்லை. கீழே குண்டா நிறைந்துகொண்டிருந்தது.

“அடுத்த வாரம் நாங்க எங்க இடத்துக்கு வர்றோம்.”

* மழை ஓயாத கியூர்பிப்பில் வெயிலா என்று அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். கதைக்குத் தேவைப்பட்டது. பூசை முடிந்ததும் எடுத்துவிட்டேன்.

5.

குழு கூடியது. பாதிரியாரும் இருந்தார். வாயைத் திறந்தாலே பிரசங்கம் செய்கிறார் என்பதால் அவருக்குப் பல்வலி கொடுத்திருக்கிறேன்.

“ஒழுகல் நின்னா சந்தோஷப்படணும், ழனின்,” என்றார் சில்வி.

“யாரு?”

“எல்லாரும்.”

“என் ஒழுகல்ல எல்லாருக்கும் என்ன சந்தோஷம்?”

பாடற்குழுவின் பக்கத்து ஒழுகலுக்குச் சொந்தக்காரரான கேத்தான் துள்ளி எழுந்தார். “இன்னைக்கு இவ, நாளைக்கு நான். இருக்கிறதைக் காப்பாத்தத்தானே குழு? ஒழுகல் இருந்துச்சா இல்லையா?”

“இருந்துச்சு,” என்றார் சில்வி.

“அப்போ அதையும் காப்பாத்தணும்.”

“தேர்தல் வருதாம்,” என்றார் ழனின். “எழுதப் படிக்கத் தெரிஞ்சாத்தான் ஓட்டாம். எனக்குத் தெரியாது. முன் வரிசைக்கு மழை போதுமா இருந்துச்சு.”

பாதிரியார் தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினார். ஒழுகலைத் திரும்பக் கொண்டுவரச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

6.

“பிரிச்சுவிடு, மருதை.”

“மாட்டேன் அக்கா. நேர்ந்துகிட்டு அடைச்சது. திறந்தா என் மகளுக்குக் காய்ச்சல் திரும்பும்.”

ழனின் ஈயம் வைத்த இடத்தை அண்ணாந்து பார்த்தார். “பிள்ளை நல்லா இருக்கட்டும். அதைத் தொடாதே. பக்கத்துல புதுசா ஒண்ணு?”

“சாமி வீட்டுல நானே ஓட்டை போடறதா? அந்தோனியார் கேட்டா யார் பேரைச் சொல்ல?”

“மாதாம் பேரைச் சொல்லு.”

7.

முடிவு ஒன்று: புது ஓட்டை விழுகிறது, மழை பெய்கிறது, மாதாம் திரும்பிப் போகிறார். எழுதும்போதே சில்வி குறுக்கிட்டார். “நூறு வருஷக் கூரையை நாமளே குத்தினோம்னு எழுதப்போறியா?”

முடிவு இரண்டு: புயல் மொத்தக் கூரையையும் தூக்கிப்போகிறது. தொப்பியும் முக்காடும் ஒன்றாக நனைகின்றன. எனக்குப் பிடித்திருந்தது. ழனின்தான் கேட்டார்: “அப்புறம் புதுக் கூரை போடுவாங்களே. அப்போ நான் எங்கே உட்கார?” கிழித்துப் போட்டேன்.

முடிவு மூன்று: மாதாம் தானாகவே சற்று நகர்ந்து, “வா, ழனின், இங்கே இடம்

(இதை முடிக்க எத்தனையோ தரம் முயன்றேன். இதைச் சொல்ல மாதாமின் குரல் வரவில்லை.)

8.

சில வாரம் கழித்து, அதே பேருந்தில், அதே குரல்களிடம் நான் கடைசியாகக் கேட்டது இது.

“சனிக்கிழமை மருதை ஏறுறான், சில்வி.”

“நான் வேண்டாம்னு சொன்னா?”

“சொல்லுவியா?”

என் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கிவிட்டேன். ஆகவே சில்வியின் பதில் என்னிடம் இல்லை.

அவருக்குப் பதிலாக நீங்கள் ஏறுங்கள். ஏணி நல்ல ஏணிதான், கேத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார். மேலே மருதை, ஈயம் வைத்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, தகரத்தின் மேல் ஆணியை நிறுத்திப் பிடித்திருக்கிறார். அடைத்த கையால் திறக்க மாட்டாராம். சுத்தியலை உங்களிடம் நீட்டுகிறார். உங்கள் காலடியில் இருப்பது, நீங்கள் காப்பாற்றுவதாகப் பெயர் கொடுத்த கூரை. நாளை ஞாயிறு.

“யாரு மேலே?” கீழேயிருந்து ழனின். “காது கேக்குதா? மேகம் வந்துடுச்சு. நான் குண்டாவை வச்சுட்டேன்.”