முதல் படத்தில் மாப்பிள்ளை

என் தங்கை தைக்கும் பையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அது தோளில் மாட்டும் பை இல்லை. சக்கர நாற்காலியின் கைப்பிடியில், சக்கரத்துக்கு முன்னால், முழங்கால் ஓரமாகத் தொங்கும் பை. அதன் வாய் உட்கார்ந்திருப்பவரை நோக்கிச் சாய்வாகத் திறக்கும். உடம்பைத் திருப்பாமல் கையை விட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். சக்கரத்தில் சிக்கிவிடக் கூடாது என்பதற்காக வாரைக் குட்டையாக வைத்திருந்தாள். முதல் பையை மாப்பிள்ளைக்காக, அதாவது தன் கணவருக்காகத்தான் தைத்தாள். அவர் அதை மாட்டிக்கொண்டு வங்கிக்கோ மருந்துக்கடைக்கோ போனால், அவரைப் போலவே நாற்காலியில் வந்தவர்கள் நிறுத்தி, எங்கே வாங்கினீர்கள் என்று விசாரித்தார்கள். அந்தத் தைரியத்தில்தான் துணிக் கம்பெனி வேலைக்கு முழுக்குப் போட்டுவிட்டு, கைப்பேசிச் செயலி ஒன்றில் கடை திறந்தாள்.

அந்தச் செயலி, பொருளுக்கு நாம் வைக்கும் பெயரைப் பெரிதாக மதிப்பதில்லை. முதல் படத்தைப் பார்க்கும். இது இன்னதைப் போல இருக்கிறது என்று தானே முடிவு கட்டும். அதைப் போன்ற சரக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைக்கும். தங்கை வைத்த முதல் படத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் சிரித்துக்கொண்டிருந்தார், கிளிப்பச்சைப் பை பக்கத்தில் தொங்கியது. செயலி அதைக் கொண்டுபோய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மலஜலம் கழிக்க வைக்கும் பெட்பேன்களுக்கும் ரப்பர் விரிப்புகளுக்கும் நடுவில் வைத்தது. ஒருவரும் வாங்கவில்லை.

எதிர்வீட்டில் அழகு நிலையம் நடத்தும் அம்மா யோசனை சொன்னார். "வீல்சேரைத் தூக்கிடும்மா. சாப்பாட்டு மேசை நாற்காலியில மாட்டி ஒரு போட்டோ எடு. பைதான அழகு."

அப்படியே செய்தாள். செயலி இப்போது கைப்பைகளின் வரிசையில் வைத்தது. மளமளவென்று விற்றது. அதே வேகத்தில் திரும்பியும் வந்தது. "நிறம் அருமை. தோளில் மாட்ட முடியவில்லை" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர், வாய் கோணலாகத் தைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு நட்சத்திரம் போட்டார். இது சக்கர நாற்காலிக்கான பை என்று கீழே தெளிவாக எழுதியிருந்தாள். கீழே யார் படிக்கிறார்கள். இந்த மாதமும் இத்தனை சரக்கு திரும்பினால் கடையை மூடிவிடுவோம் என்று செயலியிலிருந்து எச்சரிக்கை வந்தது.

தங்கை அதை எங்களிடம் காட்டிவிட்டுத் தையல் எந்திரத்துக்கு உறை போட்டாள்.

"அதுக்கு ஏன் போர்வை? அது என்ன செத்தா போச்சு?" என்றார் மாப்பிள்ளை.

"எந்தப் படத்தைப் போட்டாலும் தப்பான ஆளுங்ககிட்டதான் போகுது. வேண்டியவங்க எங்க இருக்காங்கன்னே தெரியல."

"அதைத்தான் கண்டுபிடிப்போம். அது எதைப் பார்த்து என்ன நினைக்குதுன்னு தெரிஞ்சாப் போதும். இல்ல மச்சான்?"

மாப்பிள்ளைக்கு எதையும் பிரித்துப் பார்க்கும் குணம் உண்டு. கெட்டுப்போன மிக்சியைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு அது ஒரு நாள் கிடைத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கூடத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்தோம். செயலியில் கேமரா போன்ற ஒரு சின்னம் உண்டு. அதை அழுத்திப் படம் எடுத்தால், அதைப் போன்ற பொருள்களை உடனே கீழே வரிசையாகக் காட்டும். படம் எடுப்பது என் வேலை. ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும், இரண்டை மாற்றினால் குழப்பம் எதனால் என்று தெரியாது என்றேன்.

"மச்சான்கிட்ட மாட்டினா பைகூடப் பரீட்சை எழுதணும்" என்றார் மாப்பிள்ளை.

காலிச் சக்கர நாற்காலியையும் பையையும் படம் எடுத்தேன். பெட்பேன், நோயாளிகளுக்கான மேசை. பையைக் கழற்றிவிட்டு நாற்காலியை மட்டும் எடுத்தேன். அதே பெட்பேன், அதே மேசை. அதாவது பையை அது பார்க்கவே இல்லை. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். இப்போது முதியோருக்கான டயப்பரும் மாத்திரை டப்பாவும் சேர்ந்துகொண்டன.

"நாற்பதுகூட ஆகல. உட்கார வெச்சே கிழவனாக்கிடுச்சே" என்று தலையைத் தடவிக்கொண்டார்.

"சட்டையை மாத்துங்க. பழசு" என்றாள் தங்கை.

கல்யாண வரவேற்புக்கு எடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மாற்றமில்லை. கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சினிமாக்காரன் மாதிரி முகத்தைத் திருப்பினார். எடுத்தேன். கீழே பார்வையற்றவர்கள் பிடிக்கும் வெள்ளைக் கோல்கள் வரிசையாக வந்து நின்றன.

"போச்சு. கண்ணையும் பிடுங்கிடுச்சு" என்றார்.

தங்கை அன்று முதல்முறையாகச் சிரித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு நான் நெருங்கிப் போய், பையும் சக்கரத்தின் ஒரு பகுதியும் மட்டும் தெரியும்படி எடுத்தேன். கைப்பேசி ஒரு கணம் யோசித்தது. கீழே வந்தவை: சைக்கிள் மணி, சைக்கிள் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், பாதி விரல் கையுறை. மாப்பிள்ளையின் செருப்பு நுனி மட்டும் ஓரத்தில் தெரிய இன்னொன்று எடுத்தேன். உடனே பெட்பேன். செருப்பை விலக்கினேன். சைக்கிள்.

"என் கால் பட்டாத்தான் ஆஸ்பத்திரி" என்றார் மாப்பிள்ளை. சிரிக்கவில்லை. ஆனால் கண்ணில் ஆர்வம் மின்னியது. "சக்கரத்தை மட்டும் பார்த்தா ஓடுற வண்டி. நான் தெரிஞ்சா ஓடாத வண்டி. எங்க கத்துக்கிட்டு வந்துச்சு இதை?"

செயலிக்காரர்களுக்கு நான் பிரச்சினையை வரிசைப்படுத்தி எழுதி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியம். தண்ணீர் மோட்டார் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் புகார் கேட்பதுதான் மாப்பிள்ளையின் வேலை. அதைப் படித்துவிட்டு, "இதே வரியை நான் தினம் சொல்றேன் மச்சான். அதுக்கப்புறம் ஒண்ணும் நடக்காது" என்றார்.

ஆகவே கையில் இருந்தது ஒரே வழி. சக்கரமும் பையும் உள்ள படத்தை முதலில் வைத்துப் பார்க்கலாம் என்றார்.

"பைத்தியமா உங்களுக்கு? கைப்பைக்காரங்க திருப்பி அனுப்பினது போதாதா? இனி சைக்கிள்காரங்க அனுப்புவாங்க. அதோட கடைக்குப் பூட்டுதான்."

"சும்மா இருந்தாலும் பூட்டுதான. என்ன ஆகுதுன்னு பார்த்துட்டுப் பூட்டுவோமே."

அவள் அரை மனதோடு படத்தை மாற்றினாள். சில நாள் ஒன்றுமில்லை. பிறகு ஒன்றிரண்டாக விற்றது. ஒவ்வொரு பையையும் அவள் தபாலுக்குக் கொடுக்கும்போதே, திரும்பி வந்தால் எங்கே வைப்பது என்று அலமாரியில் இடம் பார்த்தாள். ஆனால் எதுவும் திரும்பவில்லை. சைக்கிள்காரர்களுக்கு இந்தக் கோணல் வாய்ப் பை எதற்கு என்று எங்கள் மூவருக்கும் புரியவே இல்லை.

விடை ஒரு பாட்டு டீச்சரிடமிருந்து வந்தது. பை வாங்கிய அந்தப் பெண்மணி விமர்சனத்தோடு ஒரு படமும் போட்டிருந்தார். அவருடைய சக்கர நாற்காலியில் மஞ்சள் பை. "புதுக் கையுறை தேடி சைக்கிள் பகுதிக்குப் போனேன், கீழே இது வந்தது. நாங்கள் அங்கேதான் வருவோம் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருந்தார்.

மாப்பிள்ளை தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். தினமும் சக்கரத்தைத் தள்ளித் தள்ளி உள்ளங்கை காய்த்துவிடக் கூடாது என்று அவர் போட்டிருப்பதும் சைக்கிள் கையுறைதான். டியூப் ஓட்டையானால் அவர் வாங்குவதும் சைக்கிள் பஞ்சர் சாமான்தான். நாற்காலிக்காரர்கள் பெட்பேன் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை.

"என்னைக் கேட்டிருந்தா முதல் நாளே சொல்லியிருப்பேன்" என்றார்.

"உங்களைத்தான கட்டிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கே இப்பத்தான தோணுது" என்றாள் தங்கை.

அந்த மாதம் எச்சரிக்கை நீங்கியது. கடை பிழைத்தது. ஆனால் எச்சரிக்கை நீங்கிய அன்று சாயங்காலம் அவள் அந்தச் சக்கரப் படத்தைத் திறந்து என்னிடம் காட்டினாள்.

"யாருக்காகத் தைச்சேனோ அவரை வெட்டிட்டுத்தான் விக்கணுமா அண்ணா?"

மாப்பிள்ளை கைப்பேசியை வாங்கி ஏதோ செய்து பார்த்தார். அவர் சிரிக்கும் பழைய படத்தை இரண்டாவதாக வைத்தார். கடை சைக்கிள் பகுதியிலேயே நின்றது. மறுபடி பார்த்தார், நகரவில்லை. முதல் படத்துக்கு மேல் அது பார்ப்பதில்லை என்று தெரிந்தது. வாங்க வருகிறவர்கள் முதல் படத்தை விரலால் ஒரு தள்ளு தள்ளினால் அடுத்து அவர் இருப்பார்.

"எந்திரத்துக்குச் சக்கரம், மனுஷனுக்கு நான்" என்றார்.

"நீங்க ஏன் ரெண்டாவது?" என்றாள். சமாதானமாகவில்லை. செயலிக்குப் புத்தி தெளிகிற அன்றைக்கு முதல் படத்தில் அவர்தான் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் எழுந்தாள்.

புத்தி தெளிந்ததா என்று பார்க்கும் பொறுப்பை மாப்பிள்ளையே எடுத்துக்கொண்டார். வாரம் தவறாமல் அதே ஜன்னலோரம், அதே நீலச் சட்டை, கேமரா சின்னம். இடையில் செயலியை ஏதோ புதுப்பித்தார்கள். கடைசியாக எடுத்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். கீழே வந்த வரிசையை அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். புருவம் உயர்ந்தது.

"என்ன வந்திருக்கு?" என்று உள்ளேயிருந்து எந்திரத்தின் சத்தத்துக்கு மேல் கேட்டாள் தங்கை.

"பெட்பேன் காணோம். பிடிச்சு நடக்குற வாக்கர் வந்திருக்கு."

எந்திரம் நின்றது. "அதுல என்ன சந்தோஷம்?"

"படுத்திருந்தவனை எழுப்பி நிக்க வெச்சிருக்குல்ல" என்றவர், என் பக்கம் திரும்பி, "மச்சான், இப்ப நான் ஓட்டிக்கிட்டே வரேன். எடுங்க, என்னதான் சொல்லுதுன்னு பார்ப்போம்" என்று நாற்காலியைக் கூடத்தின் அந்தக் கோடிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.