எங்கள் கடைக்குப் பார்கோடு வந்த வரலாறு

எங்கள் ஊரில் பார்கோடு முதன்முதலில் அணில் முதுகில்தான் வந்தது. காகிதத்தில் அச்சடித்து ஒட்டுவதெல்லாம் பிற்பாடு வந்த சோம்பேறித்தனம். அணிலுக்கும் முன்னால் அது முறுக்கில் இருந்தது. இதை யாரும் வரலாற்றில் சேர்ப்பதில்லை. முறுக்கு சுட்டவள் நான் என்பதால் சேர்த்துச் சொல்கிறேன்.

கோவில்பட்டி மார்க்கெட் ரோட்டில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. கடை என் வீட்டுக்காரர் தவசிக்கனியின் பெயரில், கல்லா என் வசம். கோயம்புத்தூரிலிருந்து கிருபாகரன் என்று ஒருவர் பில் போடும் மெஷினோடு வந்து இறங்கினார். மேஜையில் ஒரு கண்ணாடி, அதற்குள் சிவப்பு வெளிச்சம். வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு கம்பம். பில் போடாத சரக்கு வாசலைத் தாண்டினால் கம்பம் கத்தும் என்றார். கடைசியாக வாசலுக்கு வெளியே வந்து ஒரு பட்டனை அமுக்கி, "இந்த நிமிஷம் கடைக்குள்ள இருக்கறதெல்லாம் சரக்குங்க. இதுக்கப்புறம் உள்ள வர்றவங்க கிராக்கிங்க," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார்.

அந்த நிமிஷம் நான் வெளியே படியில் நின்று கீரைக்காரியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் உள்ளே ஏணியில் நின்று நல்லெண்ணெய் டின்னை இறக்கிக்கொண்டிருந்தார். ஆகவே நான் கிராக்கி, அவர் சரக்கு.

சாயங்காலம் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். கம்பம் கத்தியது. வெளியே வைத்த காலை உள்ளே எடுத்துக்கொண்டார்.

"தாண்டி வாங்க, அது கத்திட்டுக் கெடக்கட்டும்," என்றேன்.

"பில் போடாம ஒரு சாமான் வெளிய போகப்படாது புஷ்பம். அது நானா இருந்தாலும்."

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷனோடு இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறேன். வெளியிலிருந்து ஷட்டரை நானே இறக்கிவிட்டு வந்தேன். அவர் காலிச் சாக்குகளை விரித்துக்கொண்டார்.

எங்கள் ஒரே மகள் பொன்னரசிக்கு ஆவணியில் நிச்சயம். மாப்பிள்ளை வீடு சாத்தூர். பெண்ணைப் பெற்றவர் பருப்பு மூட்டைக்கும் புளிச் சிப்பத்துக்கும் நடுவில் சரக்காக உட்கார்ந்திருந்தால் நான் யாரை வைத்து நிச்சயம் பண்ணுவது? பொன்னரசி ஒரே பிடியாக நின்றாள். "அப்பா வீட்டுக்கு வரட்டும். அதுவரைக்கும் நான் மணையில உக்கார மாட்டேன்," என்றாள். பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று கேட்கவா வேண்டும்.

அவர் வெளியே வர வேண்டும் என்றால் அவருக்குப் பில் போட வேண்டும். பில் போட அவருக்கென்று ஒரு குறி வேண்டும். மெஷின் அப்போது வட்டத்தை மட்டும்தான் படிக்கும். வட்டத்துக்குள் வட்டம், அதற்குள் இன்னொரு வட்டம். அந்த மாதிரிப் பொருள் எங்கள் வீட்டில் முறுக்கைத் தவிர வேறு கிடையாது. துவரம்பருப்புக்கு ஒரு சுற்று கூட, சீனிக்கு ஒரு சுற்று குறைய என்று பார்த்துப் பார்த்துச் சுட்டு, சாமானுக்கு ஒன்றாக நூலில் கட்டிவிட்டேன். அவருக்கும் ஒன்று சுட்டுக் கழுத்தில் போட்டேன்.

கிராக்கிகள் மேஜைக்கு வந்து சேர்வதற்குள் விலையைத் தின்றுவிட்டார்கள். தின்னாமல் விட்டது மழைக்காற்றில் நமத்துப் போய்க் கோணியது. துவரம்பருப்பு சீயக்காய் விலைக்குப் போனது. அவர் கழுத்தில் கிடந்ததை வெளிச்சத்தில் காட்டினால் மெஷின் 'கருவாடு' என்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈரம் பட்டிருக்கும். அது என்ன பண்ணும் பாவம்," என்று அவர் மெஷினுக்குப் பரிந்து பேசினார்.

நமத்த முறுக்குக்குத்தான் அணில்கள் வந்தன. கடைக்குப் பின்னால் வேப்பமரம் உண்டு. அதிலிருந்து இறங்கிய முதல் அணில் மேஜையின் குறுக்கே ஓடியது. மெஷின் 'பீப்' என்று ஒரு சத்தம் கொடுத்து, 'கடலைமிட்டாய், கால் கிலோ' என்று காட்டியது. விலையும் சரியாக இருந்தது. அன்றோடு மெஷின் வட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதை விட்டுவிட்டது.

அணிலின் முதுகில் கோடு போட்டவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எதற்காகப் போட்டார் என்பது எங்கள் கடையில்தான் தெரியவந்தது. நம் கண்ணுக்கு எல்லா அணிலும் ஒன்றுதான். மெஷினுக்கு அப்படி இல்லை. உளுந்துக்கு ஒரு அணில், பெருங்காயத்துக்கு ஒரு அணில், ஊதுபத்திக்கு ஒன்று. அதது அதன் சாமான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். கிராக்கி சாமானை ஒரு கையிலும் அணிலை இன்னொரு கையிலும் கொண்டுவருவார்கள். அணில் வெளிச்சத்தின் மேல் ஒருமுறை ஓடும். ஒரு நிலக்கடலையை வாங்கிக்கொண்டு பலகைக்குத் திரும்பும். லாரியில் புதுச் சரக்கு வரும் முன்னாலேயே அதன் அணில் வந்து காத்திருக்கும். அணில் யார் கையில் ஏறி வந்ததோ, சரக்கு அவருக்கு. அதில் தகராறே வந்ததில்லை. உளுந்து அணிலும் அரிசி அணிலும் சேர்ந்து குட்டி போட்டபோது மெஷின் 'இட்லி' என்று காட்டியது. வேறு வழியில்லாமல் நான் காலையில் இட்லியும் அவித்து வைத்தேன்.

கடையில் கூட்டமான கூட்டம். எட்டயபுரத்திலிருந்தெல்லாம் வந்தார்கள். ஆனால் எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட நேரமில்லை. சரக்கு என்று ஒன்று இருந்தால் அதற்கு அணில் என்று ஒன்று இருந்தே தீர வேண்டும். அப்படியானால் தவசிக்கனிக்கும் ஒன்று எங்கேயோ மரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. கூடையை எடுத்துக்கொண்டு தேடப் புறப்பட்டேன்.

ரயில்வே ஸ்டேஷன் புங்கமரத்தில் பிடித்த அணில் 'இரண்டாம் பிளாட்பாரம்' என்று காட்டியது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். பள்ளிக்கூடத்து அணில் 'கணக்கு வாத்தியார் குடை' என்றது. ஒன்று 'ஞாயிற்றுக்கிழமை' என்றது. டெய்லர் ஒருவர் அதை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் எங்களுக்கெல்லாம் சனிக்கு அடுத்து திங்கள் வந்தது. என் வீட்டுக்காரருக்கு மட்டும் அணில் கிடைக்கவில்லை. சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டு நான் வெளியே நிற்பேன், அவர் உள்ளே நின்று சாப்பிடுவார். "தேடு, அவசரமில்ல," என்பார். அவருக்கு அவசரமில்லை. நான் ராத்திரிச் சோற்றைத் தனியாகத் தின்றுகொண்டிருந்தேன். எனக்கு அவசரம்.

ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா சிந்தாமணி, நிச்சயத்துக்குச் சாமான் வாங்க சாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்தாள். எங்கே என்ன சல்லிசாகக் கிடைத்தாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். ஏலக்காயும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். ஏலக்காய் அணில் ஓடியது. கற்கண்டு அணில் ஓடியது. பிறகு அவள் தோளிலிருந்து இன்னொரு அணில் இறங்கி ஓடியது. சாத்தூரிலேயே தோளில் ஏறிவிட்டதாம், தட்டிவிட்டும் போகவில்லையாம்.

'தவசிக்கனி, முதல் தரம், ஒன்று' என்று மெஷின் காட்டியது.

விலையும் காட்டியது. ஏலக்காயைவிடச் சல்லிசு. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"வெல நல்லா இருக்கே மதினி. இதையும் சேத்துப் போட்ருங்க," என்றாள்.

"அது எங்க வீட்டுக்காரர் மதினி."

"பாத்தாலே தெரியுது. சாத்தூர் வரைக்கும் தாங்குமா?"

அவர் ஏணியிலிருந்து இறங்கி வந்து கற்கண்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "தாங்கும். வேணும்னா சாக்கு சுத்திக்கிடுதேன். புஷ்பம், கிராக்கி அணிலோட நிக்காக. பில்லைப் போடு."

என் கையாலேயே போட்டேன். அவர் வாசலைத் தாண்டினார், கம்பம் கத்தவில்லை. தெருவில் நின்று வெயிலை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, கற்கண்டையும் ஏலக்காயையும் தூக்கிக்கொண்டு சம்பந்தி பின்னால் போனார். பஸ்ஸில் கண்டக்டர் அவருக்கு லக்கேஜ் சீட்டுக் கிழித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மறுநாள் போன் போட்டேன். "நல்லா உழைக்குது மதினி," என்றாள் சிந்தாமணி. "விடியுமுன்ன எந்திரிச்சு வாசல் தெளிக்குது. அடுக்களையில அத்தன சம்படத்தையும் எடுத்து அடுக்கிருச்சு. இப்படி உருப்படியா ஒரு சாமான் நான் வாங்குனதே இல்ல." அவரிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். திருப்பி அனுப்பச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாதுன்னு நம்ம கடையில போர்டு தொங்குது. செவப்பு பெயிண்ட்ல எழுதுனதே நான்தான். எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கேக்க?" என்றார். அங்கே தயிர் புளிக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பொன்னரசி சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு பொருள் பெண் வீட்டுக்கு முறையாக எந்த வழியில் வரும்? சீர்த்தட்டு வழியில்தான் வரும். பூ வரும், பழம் வரும், சேலை வரும். சபையில் தட்டு மாற்றிவிட்டால் தட்டில் இருந்தது நம்முடையது. அதைத் திரும்பக் கேட்க ஒரு சம்பந்திக்கும் வாய் வராது.

மறுபடியும் போன் போட்டு, எத்தனை தட்டு வைக்கிறீர்கள் என்று கேட்டேன். பத்து என்றாள்.

"இரட்டப்படையில சீர் வந்தா எங்க தெருவுல சிரிப்பாக மதினி. ஒண்ணு கூட்டிப் பதினொண்ணா ஆக்கிருங்க."

"இன்னொரு தட்டுக்கு நான் எங்க போக? வெலவாசி தெரியாதா உங்களுக்கு?"

"வெலைக்கு எதுவும் வாங்க வேண்டாம். வீட்டுல இருக்கிறதுல பெருசா ஒண்ணத் தூக்கி வைங்க. எங்க வீட்டுக்காரரையே வைங்களேன்."

போனுக்குள் எதையோ முணுமுணுத்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தெரிந்தது. "வைக்கலாம்," என்றாள் கடைசியில். "அதுக்கு ஈடா உங்க தட்டுல என்ன வைப்பீக?"

நானும் கணக்குப் போட்டேன். எட்டயபுரத்துக் கூட்டத்தை நினைத்தேன். அடுப்படியில் கமுத்தி வைத்திருந்த அவருடைய டம்ளரை நினைத்தேன்.

"மெஷினைத் தாறேன். ரெண்டு கம்பத்தையும் தாறேன். அணிலெல்லாம் அது பின்னாலேயே வந்துரும்."

"சரி மதினி," என்றாள். பார்கோடு சாத்தூருக்குப் போனது இப்படித்தான். அங்கிருந்து அது எங்கெங்கோ போனது என்கிறார்கள். அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது.

ஆவணியில் வளர்பிறை முகூர்த்தத்தில் மேளச் சத்தத்தோடு சீர் வந்தது. முன்னால் பத்துத் தட்டைப் பெண்கள் ஏந்திவந்தார்கள். பதினோராவதைச் சாத்தூர்ப் பங்காளிகள் நான்கு பேர் தூக்கிவந்தார்கள். கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறும் பெரிய பித்தளைத் தாம்பாளம். நடுவில் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் வெற்றிலை, சுற்றிலும் கற்கண்டு. தாம்பாளத்தோடு சேர்த்து மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றி, உச்சியில் ரிப்பன் கட்டியிருந்தார்கள். கொஞ்சம் இளைத்திருந்தார். எனக்குக் கண் கலங்கியது, புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பொன்னரசி குனிந்து பார்த்தாள். "அப்பா, மூச்சு விட முடியுதா?"

"முடியுது. ஓட்ட போட்டிருக்காக. நீ மணையில போய் உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள். எங்கள் தட்டில் மெஷினும் கம்பமும், அவர்கள் தட்டில் அவரும். பெரியவர்கள் மாற்றிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பியதும் கத்தரிக்கோலை எடுத்தேன். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த சிந்தாமணி திரும்பி, "சீரைத் தாலி கட்டுற அன்னைக்குத்தான் பிரிக்கணும் மதினி," என்றாள். கல்யாணம் தையில். நான் அவரைப் பார்த்தேன்.

"முறைன்னா முறைதான் புஷ்பம்," என்றார் தாளுக்குள்ளிருந்து.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன். தாம்பாளத்தைக் கூடத்தில் ஃபேனுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஓட்டை வழியாகக் குழல் விட்டுக் காப்பி கொடுத்தேன். குடித்த சூட்டில் தாளில் ஆவி படிந்து அவர் முகம் மறைந்தது. நான் வெளியிலிருந்து துடைத்தேன். அவர் அதே இடத்தில் உள்ளேயிருந்து துடைத்தார். பிறகு முகம் தெரிந்தது. தயிர் புளிக்காமல் உறை ஊற்றியிருக்கிறேன் என்று சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

அடுத்த நாள் தெருப் பெண்கள் சீர் பார்க்க வந்தார்கள். சேலையைத் தடவிப் பார்த்தார்கள், மாதுளையைத் தட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு எஸ்தர் அக்கா தாளின் மேலேயே அவர் தோளை இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் காயாகத்தான் இருக்கிறார், வைக்கோல் போட்டு மூடி வைத்தால் தைக்குள் பழுத்துவிடுவார் என்றாள். நான் வைக்கோலுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் காலை இன்னும் நன்றாக மடக்கி, அதற்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.