நாலு வீல் ஆர்ச்சும் பெரிய தெருவும்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது சிம்மக்கல்லில், கார் உதிரிபாகக் கடை ஒன்றின் வாசலில். வைப்பர் வாங்கப் போயிருந்தேன். பதினெட்டு வருடப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி ஒன்று ஓரமாக நின்றது. சக்கரத்துக்கு மேலே வளைவாக வருமே கறுப்பு பிளாஸ்டிக், வீல் ஆர்ச், அது நான்கும் சாம்பலாக வெளுத்து, கீறலாகி, ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டுகிற ஆள் குனிந்து பார்த்துவிட்டு வண்டிக்காரப் பெண்ணிடம் கேட்டார்: "அக்கா, எந்த வழியா ஓட்டுறீங்க?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. சொல்லாத அந்தப் பதிலைத்தான் எழுதப் பார்க்கிறேன். அவர் யாரென்று எனக்குத் தெரியாது.

2

முதல் ஆரம்பம்: "மதுரை வெயில் எதையும் விட்டுவைப்பதில்லை, பிளாஸ்டிக்கானாலும் சரி, மனித..." வேண்டாம். வெயில் தன் பாட்டுக்குக் காய்கிறது, அதை ஏன் வம்புக்கு இழுக்க வேண்டும்?

இரண்டாவது: "தமிழ்வாணியின் கண்களில் பல தலைமுறைகளின்..." சீ. பிளாஸ்டிக் மாற்ற வந்தவரை இப்படியா பாடுபடுத்துவது?

நேராகவே சொல்லிவிடுகிறேன். தமிழ்வாணி கால்நடை மருத்துவர். மழை பெய்தால் சேற்றில் இறங்க வேண்டியிருக்கும் என்று மூன்று வருடம் முன்பு இந்த வண்டியை வாங்கினார். சமயநல்லூர் தாண்டி உள்ளே தள்ளி அவர் ஊர். (ஊருக்குப் பெயர் வைக்க மாட்டேன். வைத்தால், நம்ம ஊர் இல்லை என்று நீங்கள் நிம்மதியாகப் படிப்பீர்கள்.) தார்ச்சாலையிலிருந்து அவர் வீட்டுக்கு இரண்டு வழி. பெரிய தெரு வழியாக நேரே போகலாம். இல்லையென்றால் வாய்க்கால் கரையில், சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போகலாம். அப்பா சோலை காலமெல்லாம் பெரிய தெருக்காரர்களின் வயலில் கூலி வேலை பார்த்தவர். இன்று அவருக்கே ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. ஆனாலும் வண்டி வாங்கிய அன்றே சொல்லிவிட்டார்: "வாய்க்கா வழியாவே வா தாயி. நமக்கெதுக்கு வம்பு."

யாரும் தடுக்கவில்லை.* மூன்று வருடமும் முள்தான் வண்டியை உரசியது. சோலை வாராவாரம் அந்தப் பிளாஸ்டிக்குக்குத் தேங்காய் எண்ணெய் தேய்ப்பார். ஒரு மணி நேரம் பளபளக்கும். அப்புறம் ஊர்ப்புழுதி அத்தனையும் அதில்தான் வந்து ஒட்டும்.

* "நாங்க யாரையும் தடுக்கலையே" என்று பெரிய தெருவில் அடிக்கடி சொல்வார்கள். உண்மைதான். தடுக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வந்ததே இல்லை.

3

மாட்டுகிறவர் ஜெர்சன் என்று வைத்துக்கொள்வோம். கெட்டிக்காரர். பழைய கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பினார், அப்பளமாக நொறுங்கின. உள்ளே தகரத்தில் துரு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரைமர் அடித்தார். புது வீல் ஆர்ச்சுகளை உடனே மாட்டவில்லை. உச்சிவெயிலில் தரையில் கிடத்திவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்.

"சூடேறுனாத்தேன் வளையும்க்கா. அவசரப்பட்டா கிளிப்பு தெறிச்சிரும்."

நாலையும் மாட்டி முடித்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "சொல்றேன்னு தப்பா நெனைக்காதீங்க. கீறலப் பாத்தாலே முள்ளுன்னு தெரியுது. அதே முள்ளுக்குள்ள ஓட்டுனா ரெண்டு மாசம் தாங்காது. வேற வழி இல்லையாக்கா?"

"இருக்கு," என்றார் தமிழ்வாணி.

(இங்கே அவருக்கு ஒரு பக்கத்துக்குப் பேச்சு எழுதியிருந்தேன். சட்டம், உரிமை எல்லாம் இருந்தது. அவர் வாயில் அது ஒட்டவே இல்லை. அடித்துவிட்டேன்.)

4

தல்லாகுளத்தில் ஏதோ மனு கொடுக்க வந்திருந்த அப்பாவை ஏற்றிக்கொண்டு தமிழ்வாணி ஊருக்குத் திரும்பினார். வாய்க்கால் திருப்பம் வந்தது. வண்டி நேரே போனது.

"தாயி, திருப்பம் தாண்டிருச்சு."

"தெரியும்ப்பா."

"வேணாந்தாயி. அம்புட்டுப் பேரும் வாசல்ல உக்காந்திருப்பாக."

"இருக்கட்டும். புதுசு மாட்டிருக்கு, கீறல் விழுந்துரும்."

சோலை பயந்துவிட்டார். அறுபத்திரண்டு வயது மனிதர் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் தமிழ்வாணிக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இனி எந்த நாளும் வாய்க்கால் வழியாகப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்.

5

முடிவுகள்.

அ) வழிமறிக்கிறார்கள், கைகலப்பு, போலீஸ். இதற்குச் செய்தித்தாள் போதும், நான் எதற்கு?

ஆ) யாரும் கண்டுகொள்ளவில்லை. வண்டி வீடு சேர்கிறது. சோலை சிரிக்கிறார். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். மூன்று முறை எழுதினேன், மூன்று முறையும் பொய்யாகவே வந்தது. ஏனென்றால்...

ஏனென்றால் ஆரம்பத்திலேயே உங்களிடம் ஒரு பொய் சொன்னேன். அவர் யாரென்று எனக்குத் தெரியும். சோலை கூலி வேலை பார்த்தது எங்கள் வயலில்தான். கடை வாசலில் அவர் மகள் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் வைப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய தெருவில் மூன்றாவது வீடு என்னுடையது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

6

இனி வருவது கற்பனை இல்லை. நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அந்த வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. ஜன்னலில் தெரிகிறது. குறுக்கே எங்கள் சித்தப்பாவின் டிராக்டர். அது எப்போதும் அங்கேதான் நிற்கும். எங்கள் ஆட்களின் கார் வந்தால் எடுத்து ஓரம் கட்டுவோம்.

தமிழ்வாணி ஒருமுறை ஹாரன் அடித்தார். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டார். பின்னால் எடுக்கிற உத்தேசமே இல்லை. பக்கத்தில் சோலை தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்.

டிராக்டர் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. என் பக்கத்தில் நின்ற சித்தப்பா சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அதுக வந்த வழியே போயிரும். நீ பாட்டுக்கு எழுதுப்பா."

மறுபடி ஹாரன். முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உட்கார்ந்துகொண்டு எழுத என்னால் முடியாது.